போர்டுக்காரர் பதில்கள்: உள்ளே எத்தனை நாய்?

(1972-ல் பதினைந்து வயதில் பிரஷ் பிடித்து, 38 வருஷம் திண்டுக்கல்லில் சுவரிலும் தகரத்திலும் எழுதிப் பிழைத்தவன் நான். போர்டுகளைப் பற்றி வாசகர்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில். கேட்டவர்களின் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். பெயர் போட்டால் யார் வீட்டு கேட்டைப் பற்றிச் சொன்னார் என்று தெருவில் சண்டை வரும்.)

எங்கள் தெருவில் ஏழு வீட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ போர்டு தொங்குகிறது. நாய் இருப்பதோ இரண்டு வீட்டில், அதுவும் ஒவ்வொன்று. பிறகு ஏன் எல்லோரும் ‘நாய்கள்’ என்றே எழுதுகிறார்கள்?
— கரூர் வாசகி

ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொரு நாய் கிடைக்கும் அம்மா, அதனால்தான்.

1976 என்று நினைவு. எனாமல் பெயிண்டில் தகரத்தில் எழுத எழுத்துக்கு எட்டணா. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் ‘நாய் ஜாக்கிரதை’ எழுதச் சொன்னார். ஆணி அடிக்கும்போது கடித்துவிடப் போகிறதே என்று, “நாய் எங்கே சார் கட்டியிருக்கீங்க?” என்று கேட்டேன். “நாய் ஏதுப்பா நம்ம வீட்டுல?” என்றார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “இல்லாத நாய்தானே, அது ஏன் ஒண்ணோட நிக்கணும்? ‘கள்’ சேர்த்துடு” என்றார். க, ள் - இரண்டு எழுத்து, ஒரு ரூபாய்.

கதை அதோடு முடியவில்லை. மூன்றாம் நாளே ஆள் அனுப்பிவிட்டார். புதிதாக வந்த பால்காரர் போர்டைப் படித்துவிட்டு உள்ளே வர மறுத்து, கேட்டுக்கு வெளியிலேயே செம்பை வைத்துவிட்டுப் போகிறாராம். பூனைக்கு நல்ல வேட்டை. ‘நாய்கள் ஜாக்கிரதை’க்குக் கீழே ‘பால்காரர் உள்ளே வரலாம்’ என்று எழுத வேண்டும் என்றார். “திருடனுக்கும் தமிழ் படிக்கத் தெரியுமே சார்” என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுதிக் கொடுத்தேன். நல்ல தொகை.

‘நோட்டீஸ் ஒட்டாதே’, ‘வண்டி நிறுத்தாதே’ என்று ஏன் இப்படி ஏக வசனத்தில் விரட்டுகிறார்கள்? ‘ஒட்டாதீர்கள்’ என்று எழுதினால் குறைந்தா போய்விடும்?
— மன்னார்குடி வாசகர்

குறையாது ஐயா, கூடும். எண்ணிப் பாருங்கள். ‘ஒட்டாதே’ நாலு எழுத்து. ‘ஒட்டாதீர்’ ஐந்து. ‘ஒட்டாதீர்கள்’ ஏழு. மரியாதைக்கு மூன்று எழுத்து, அன்றைய கணக்கில் ஒன்றரை ரூபாய். புள்ளிக்கும் சேர்த்துத்தான் காசு. வெறும் எழுத்து எழுதிவிட்டுப் புள்ளி வைக்காமல் வர முடியுமா?

காசு ஒரு பக்கம். யாருக்காக எழுதுகிறோம் என்பது இன்னொரு பக்கம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பசை வாளியோடு வருகிறவனை மனதில் வைத்து எழுதினால் ‘தீர்கள்’ வராது. சுவருக்கு ‘ஒட்டாதே’ எழுதச் சொன்ன ஒரு வீட்டுக்காரர், கேட்டுக்கு மட்டும் ‘வண்டி நிறுத்தாதீர்கள்’ என்று முழுசாக எழுதச் சொல்லி, காசையும் முன்பணமாகக் கொடுத்தார். விசாரித்தால், வாசலை அடைத்துக் காரை நிறுத்துகிறவர் அவருடைய மாமனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவரில் கண்டதையும் எழுதுவதையும் ஒட்டுவதையும் தடுக்க இங்கே சட்டமே இருக்கிறது. 1959-ல் வந்த பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம். எங்கள் தொழிலையே குற்றமாக்கிய சட்டம் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். சுத்தமான சுவரில் நாலடி அகலத்துக்கு ‘இங்கே விளம்பரம் எழுதாதே’ என்று எழுதி, மூலையில் என் பெயரையும் ‘திண்டுக்கல்’ என்றும் சின்னதாகப் போட்டுவிட்டு வருவேன். அந்தச் சுவரில் இருந்த ஒரே விளம்பரம் என்னுடையதுதான்.

பஸ்ஸில் ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்று எழுதியிருக்கிறார்கள். கை, தலை என்றால் புரியாதா?
— அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

புரியும் தாயி. ஆனால் மனசில் நிற்காது. ‘கை, தலையை வெளியே நீட்டாதே’ என்று எழுதிப் பாருங்கள், வாத்தியார் அதட்டுகிற மாதிரி இருக்கும். கரம், சிரம், புறம் - மூன்றும் மூன்று மூன்று எழுத்து, மூன்றும் ‘ம்’மில் முடிகிறது. ஜன்னலுக்கு மேலே நீளமாக ஓடும் பட்டையில் எழுதுகிறவனுக்கு இடைவெளி பிரிக்கச் சிரமமே இல்லை. கரமும் சிரமும் வடமொழியிலிருந்து வந்த சொற்கள், புறம் நம்முடையது. மூன்றும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வருவது மாதிரி பொருந்திவிட்டன. பள்ளிக்கூடம் போகாத என் பாட்டிக்குக்கூட இந்த வரி மனப்பாடம். ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்பதும் இதே வித்தைதான்.

இதில் பையன்கள் செய்யும் திருத்தம் தனி. ஒரு தடவை வத்தலக்குண்டு பஸ்ஸில் யாரோ பிளேடால் ‘தீ’யை மட்டும் சுரண்டியிருந்தான். ‘கரம் சிரம் புறம் நீட்டார்’. அட, நன்றாக இருக்கிறதே! ‘சான்றோர்’ என்று பின்னால் சேர்த்தால் நீதி நூல் வரி. அடுத்த சீட்டுக்கு மேலே ‘எச்சில் துப்பார்’. அதட்டலாக இருந்தது அப்படியே நற்சான்றாக மாறிவிட்டது. சுரண்டினவன் தமிழில் நல்ல மார்க் வாங்கியிருப்பான்.

எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒரு மளிகைக் கடை போர்டில் ‘கடலை’ என்பதில் ‘லை’ விசித்திரமாக, தலையில் வளைவோடு இருக்கிறது. பேரன் எழுத்துப்பிழை என்கிறான். பிழையா?
— லால்குடி வாசகர்

பேரனிடம் சொல்லுங்கள், அது பிழை இல்லை, தும்பிக்கை.

நான் தொழில் பழகும்போது லை, ளை, ணை, னை நாலுக்கும் முன்னால் இணைக்கொம்பு போடுவதில்லை. எழுத்தின் தலையிலிருந்தே யானை துதிக்கையைத் தூக்குகிற மாதிரி ஒரு வளைவு. ணா, றா, னா மூன்றுக்கும் தனிக் கால் கிடையாது. எழுத்தோடு சேர்த்துக் கீழே ஒரு சுழி. ணொ, ணோ மாதிரி ஒகர ஓகார எழுத்து ஆறிலும் அந்தச் சுழிதான். மொத்தம் பதின்மூன்று எழுத்து. பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’வில் இந்தச் சீர்திருத்தத்தை ஆரம்பித்துவிட்டார். அரசு அதை ஏற்றுக்கொண்டது 1978-ல்.

அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது பெரிய சௌகரியம். மறுக்கவில்லை. எனக்குத்தான் வயிற்றெரிச்சல். ஒரு போர்டில் எழுத்தாளன் கைத்திறமையைக் காட்ட இருந்த இடமே அந்தத் தும்பிக்கைதான். அணில் முடி பிரஷ்ஷை நிறையப் பெயிண்டில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பட்டையாக ஆரம்பித்து நுனியில் ஊசியாக முடிக்க வேண்டும். நடுவில் தும்மினால் போச்சு. என் குரு ‘லை’ வரும்போது மட்டும் பீடியைக் கீழே வைத்துவிடுவார்.

போர்டின் வயசைக் கண்டுபிடிக்க இது ஒரு வழி. ஆனால் முழுசாக நம்பாதீர்கள். அரசு உத்தரவு போட்டது 1978-ல். என் மணிக்கட்டு அதை ஏற்றுக்கொள்ள இன்னும் ஆறேழு வருஷம் ஆனது. ‘அண்ணா சிலை’ என்று பஸ் நிறுத்தத்துக்கு எழுதினேன். ணாவும் பழசு, லையும் பழசு. பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் நின்று பார்த்துவிட்டு, “பிள்ளைங்க இதைப் பார்த்துத் தப்பா எழுதுவாங்க” என்றார். அதே இடத்தில் அழித்து எழுதினேன். காய்ந்த பிறகு பழைய தும்பிக்கை லேசாக உள்ளே தெரிந்தது. ரொம்ப நாள் தெரிந்தது.

ரயில் பாதை ஓரத்தில் மஞ்சள் பலகையில் ‘டபிள்யூ/எல்’ என்றும் இந்தியில் ஏதோவும் இருக்கிறதே?
— அரக்கோணம் வாசகர்

நமக்கு எழுதியது இல்லை, ரயில் ஓட்டுநருக்கு எழுதியது. முன்னால் லெவல் கிராஸிங் வருகிறது, விசில் அடி என்று அர்த்தம். இந்தியில் ‘சீ/ஃபா’. சீட்டி என்றால் விசில், ஃபாட்டக் என்றால் கேட். கடைசிப் பெட்டியின் முதுகில் இருக்கும் பெரிய பெருக்கல் குறியும் நமக்கில்லை. ரயில் பாதியில் பெட்டியைக் கழற்றிவிட்டு வராமல் முழுசாக வந்திருக்கிறதா என்று ஸ்டேஷன்காரர்கள் பார்ப்பதற்கு.

முதல் தடவை கொடைக்கானல் போனபோது ‘கொடைக்கானல் ரோடு’ என்ற போர்டைப் பார்த்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு இறங்கினோம். வேர்த்துக் கொட்டியது. இப்படி ஏமாற்றலாமா?
— சென்னை வாசகி

எங்கள் ஊருக்கு இரண்டாவது ஸ்டேஷன் அது. திண்டுக்கல், அம்பாத்துரை, அப்புறம் கொடைக்கானல் ரோடு. ஸ்வெட்டரோடு இறங்கி முழிக்கிற குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

போர்டு பொய் சொல்லவில்லை அம்மா. நாம்தான் கடைசி வார்த்தையைப் படிப்பதில்லை. ரயில்வே ஒரு ஊர்ப் பெயருக்குப் பின்னால் ‘ரோடு’ என்று போட்டால், ‘இது அந்த ஊர் இல்லை, அந்த ஊருக்குப் போகிற ரோடு இங்கிருந்து கிளம்புகிறது’ என்று அர்த்தம். அந்த ரோடு சுமார் 80 கிலோமீட்டர். ஸ்வெட்டருக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது.

மலைப் பாதை என்றதும் ஞாபகம் வருகிறது, கொண்டை ஊசி வளைவுகளில் ‘27/70’ என்று எழுதியிருப்பார்களே, கொல்லிமலையில். அந்த எண் வண்டி பழுதாகி நின்றால் இடம் சொல்ல உதவும். வாந்தி வருகிற பிள்ளைக்கு அது வேறு விதமாக உதவும்: இன்னும் நாற்பத்து மூன்று. இதை எழுதினவனுக்குப் பிள்ளை குட்டி இருந்திருக்காது.

டீக்கடையில் ‘கடன் அன்பை முறிக்கும்’, பக்கத்துக் கடையில் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’. எது நல்ல போர்டு?
— பழனி வாசகர்

முதலாவது கெஞ்சல், இரண்டாவது கெட்டிக்காரத்தனம். ‘நாளை’ என்ற சொல்லை எந்தத் தேதியில் படித்தாலும் நாளையாகவே இருக்கும். பிரஷ் பிடித்த காலத்தில் நான் எழுதியதிலேயே புத்திசாலியான வரி அதுதான், நான் யோசித்தது இல்லை என்பதுதான் குறை.

‘கடன் அன்பை முறிக்கும்’ எழுதிய ஒரு டீக்கடையில் எனக்குக் கூலியே வரவில்லை. “அடுத்த வாரம் வாங்க” என்றார். நான் போர்டைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். கடைசியில் டீயாகக் கழித்தோம். தினம் இரண்டு டீ, வெள்ளிக்கிழமை ஒரு வடை. கணக்கு முடிகிற நேரத்தில் எனக்கும் அவருக்கும் அன்பு முறியவே இல்லை, கெட்டிப்பட்டுவிட்டது. அவர் பெண் கல்யாணத்துக்கு வரவேற்பு போர்டு இலவசமாக எழுதிக் கொடுத்தேன்.

நீங்கள் எழுத்துப்பிழை விட்டதே இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.
— தேனி தமிழாசிரியர் (ஓய்வு)

ஐயா, உங்களை மாதிரி ஆட்களுக்குப் பயந்துதான் சாரத்தில் ஏறும் முன் வாயால் ஒருமுறை படித்துப் பார்ப்பேன். அப்படியும் வழுக்கும். பள்ளிக்குப் ‘பல்லி’ எழுதி, நல்லவேளை, காய்வதற்குள் துடைத்திருக்கிறேன்.

துடைக்காமல் விட்டது ஒன்று. பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு சாத்துக்குடி வண்டிக்காரர் கடை போட்டார். வெயில் உச்சியில். ‘பழச்சாறு’ எழுத வேண்டிய இடத்தில் ‘பலச்சாறு’ எழுதிவிட்டேன். சாயங்காலம் பார்த்ததும் பதறிப்போய்ப் பெயிண்ட் டப்பாவோடு ஓடினேன். கடைக்காரர் தடுத்துவிட்டார். “அண்ணே, குடிச்சா பலம் வருமான்னு நாலு பேர் கேட்டுட்டாங்க. நானும் வரும்னு சொல்லிட்டேன். தொடாதீங்க” என்றார். அடுத்த வருஷம் கடையைப் பெரிசாக்கியபோது, வேண்டுமென்றே ‘பலச்சாறு’ என்று எழுதச் சொல்லி வந்தார். கைகூசியது. எழுதினேன்.

‘ஃபிளெக்ஸ்’ வந்த பிறகு பிழைக்கு அளவே இல்லை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் கம்ப்யூட்டர் இல்லை. நாங்கள் ஒரு போர்டுக்கு முன்னால் நாள் முழுக்க நிற்போம், போகிற வருகிற பத்துப் பேர் படிப்பார்கள், ஒருவராவது “என்னப்பா, றகரம் வராதா?” என்று கேட்டுவிடுவார். இப்போது போர்டு சுருட்டிக்கொண்டு வந்து இறங்குகிறது. மேலே கட்டின பிறகுதான் முதல் ஆள் படிக்கிறார்.

ஊர் ஊருக்கு ‘முனியாண்டி விலாஸ்’ இருக்கிறதே, எல்லாம் ஒரே முதலாளியா? ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’ என்ற போர்டு மட்டும் எல்லாக் கடையிலும் ஏன்?
— ஓசூர் வாசகர்

ஒரே முதலாளி இல்லை தம்பி, ஒரே சாமி. மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி என்ற ஊரின் முனியாண்டி. அந்த ஊர்க்காரர் ஒருவர் 1937-ல் காரைக்குடியில் கடை ஆரம்பித்தார். பிறகு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்களும் பழகினவர்களும் ஆளுக்கொரு ஊரில் அதே பெயரில் திறந்தார்கள். ஜனவரியில் கோயில் திருவிழாவுக்கு எல்லா ஹோட்டல்காரர்களும் கூடுவார்கள். பிரசாதம் பிரியாணி.

கிளை விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரித்துக்கொண்டு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மிட்டாய்க் கடை, அந்தப் பக்கம் ஒரு மிட்டாய்க் கடை என்று திறந்தார்கள். ஒரே பெயர். இரண்டுக்கும் நான்தான் போர்டு. காலையில் அண்ணனுக்கு ‘வேறு கிளைகள் இல்லை’ எழுதினேன். மத்தியானம் தம்பி அதையே எழுதச் சொன்னார். மறுநாள் அண்ணன் ‘ஒரிஜினல்’ சேர்த்தார். தம்பி ‘ஒரிஜினல் பழைய கடை’ என்றார். திறந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர்கள் அப்பா மட்டும் இரண்டு கடையிலும் மாறி மாறி உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த மாதம் எனக்கு நல்ல வருமானம்.

கடைப் பெயரைத் தமிழில் பெரிதாக எழுத வேண்டும் என்று விதி இருக்கிறதாமே?
— வேலூர் வாசகி

இருக்கிறது. தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று, வேறு மொழி இரண்டு. விதியை மதித்து ஐந்து பங்கில் ‘தி நியூ மாடர்ன் ஃபுட்வேர்’ என்று தமிழிலேயே பெரிதாக எழுதச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். எழுத்து தமிழ்தானே, யார் என்ன சொல்ல முடியும்?

‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதிய இடத்தில்தான் எல்லோரும் போகிறார்கள். என்ன எழுதினால் நிற்கும்?
— ஈரோட்டிலிருந்து ஒரு கட்டட உரிமையாளர்

எழுத்து எதுவும் நிற்காது ஐயா. நானே சாட்சி. ஒரு சந்துச் சுவரில் ‘கழிக்காதீர்’ எழுதி முடித்து, ‘ர்’ மேல் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். ஏணிக்கு மூன்றடி தள்ளி ஒருத்தர் வந்து நின்றார். நின்றபடியே எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். “எழுத்து நல்லா இருக்குண்ணே” என்றும் சொன்னார். வேலையை முடித்துக்கொண்டு போனார்.

இதில் ‘இங்கு’ என்ற சொல்லே வில்லங்கம். ஒதுங்க இடம் தேடி வருகிறவனுக்கு அது இடம் காட்டும் போர்டாகிவிடுகிறது. பக்கத்தில் எங்கே கழிப்பறை இருக்கிறது என்று அம்புக்குறி போட்டு எழுதச் சொல்லி என்னிடம் வந்தவர் ஒருவர்கூட இல்லை. இருந்தால்தானே எழுத! அந்தச் சந்துச் சுவரின் சொந்தக்காரர் கடைசியில் பிள்ளையார், சிலுவை, பிறை மூன்றையும் வரிசையாக வரையச் சொன்னார். வரைந்தேன். சுவர் காய்ந்தது. எதிர்ச் சுவர் நனைய ஆரம்பித்தது. எதிர்ச் சுவர்க்காரரும் என்னைத் தேடி வந்தார்.

ஊருக்கெல்லாம் எழுதினீர்களே, உங்கள் வீட்டு வாசலில் என்ன போர்டு?
— திண்டுக்கல், பெயர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும் யார் என்று

ஏன் ஐயா, போகும்போது வரும்போது பார்க்கிறீர்கள்தானே? ‘இங்கு போர்டு எழுதித் தரப்படும்’. எழுதி முப்பது வருஷம் ஆகப்போகிறது. எடுப்பாக இருக்கட்டும் என்று நடுவில் ‘போர்டு எழுதித்’ என்பதை மட்டும் சிவப்பில் எழுதினேன். மேற்கு வெயில். சிவப்பு சீக்கிரம் வெளுக்கும் என்று தெரிந்தும் எழுதினேன். இப்போது கறுப்பு மட்டும்தான் மிச்சம்: ‘இங்கு தரப்படும்’.

மேலே இன்னொரு பூச்சு போடச் சொல்லி மகன் சொல்கிறான். கை நடுங்குகிறது, கோடு நேராக வராது. புது ஆட்கள் யாராவது தெருவில் போகும்போது நின்று, “என்னங்க தருவீங்க?” என்று கேட்கிறார்கள். என் வீட்டுக்காரி உள்ளேயிருந்தே, “மோர்” என்கிறாள். இந்தச் சித்திரையில் மட்டும் நாலு பேர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.